வீழ்ந்த விமானங்களும் சேகரிப்பாளரும்: 1940 பிரித்தானிய வான்போரின் எச்சங்கள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

போர்களின் வரலாறு பெரும்பாலும் தளபதிகளின் வரலாறாகவும் அரசுகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. போரிலே பயன்பட்ட பொருள்கள் போர் முடிந்தபின் எங்கே சென்றன, எவர் கையிற் சேர்ந்தன, அவற்றுக்கு எவர் எத்தகைய மதிப்பளித்தனர் என்னும் வினாக்கள் வரலாற்றாசிரியரின் கவனத்தை அதிகம் ஈர்த்தனவல்ல. ஆயின் பொருளின் வரலாறும் மனித உறவுகளின் வரலாறே. ஓர் உலோகத்துண்டு ஒரு காலத்திற் போர்க்கருவியாகவும், பிறிதொரு காலத்தில் மூலப்பொருளாகவும், வேறொரு காலத்திற் கழிவாகவும், இன்னொரு காலத்தில் ஏலக்கூடத்துப் பண்டமாகவும் விளங்குமாயின், மாறியது உலோகமன்று. அதனைச் சூழ்ந்த சமூக உறவுகளே மாறின எனல் வேண்டும்.

1940ஆம் ஆண்டு யூலை 10 முதல் ஒக்டோபர் 31 வரை தென்கிழக்கு இங்கிலாந்தின் வானில் நிகழ்ந்த போரில் வீழ்ந்த போர் விமானங்களின் எச்சங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கருத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வெச்சங்களின் வரலாற்றை மூன்று கட்டங்களாக வகுத்து நோக்கலாம். உலோகம் மூலப்பொருளாகக் கருதப்பட்ட போர்க்காலம் முதலாவது; அது மறக்கப்பட்ட கழிவாகக் கிடந்த காலம் இரண்டாவது; அது நினைவுப் பொருளாகவும் விற்பனைப் பண்டமாகவும் உருமாறிய காலம் மூன்றாவது. இம்மூன்று கட்டங்களிலும் தொடர்ந்து எழுந்துவரும் வினா ஒன்றுண்டு: விமானத்தோடு வீழ்ந்த மனிதன் எங்கே?

1. மூலப்பொருளாக உலோகம்

1940ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரித்தானியாவில் விமான உற்பத்திக்கென ஒரு தனி அமைச்சு நிறுவப்பட்டது. பத்திரிகை முதலாளியான பீவர்புறூக் பிரபு அதன் அமைச்சரானார். அவ்வாண்டு யூலை மாதத்தில், இல்லத்தரசிகள் தம் அலுமினியப் பாத்திரங்களை விமான உற்பத்திக்கு அளிக்கவேண்டுமென்ற வேண்டுகோள் விடுக்கப்பட்டது. சட்டிகளும் கேத்தல்களும் மலைபோற் குவிந்தன. சமையலறை அலுமினியம் விமானத்துக்கு வேண்டிய தரத்தை உடையதன்று என்பதை உலோகவியல் அறிந்தோர் அறிவர். ஆகவே அவ்வியக்கத்தின் பயன் உலைக்களத்திலும் பார்க்க மக்களின் மனத்திலேயே மிகுதியாக விளைந்தது எனலாம்.

அதே வேளையில், விமானத் தரமுடைய அலுமினியம் கென்ற், சசெக்ஸ் ஆகிய மாவட்டங்களின் வயல்களில் நாள்தோறும் வானிலிருந்து வீழ்ந்துகொண்டிருந்தது. அப்போரில் இரு தரப்பிலுமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் அழிந்தன. கடலில் வீழ்ந்தவை தவிர்ந்த ஏனையவற்றை அகற்றும் பணி றோயல் விமானப் படையின் பராமரிப்புப் பிரிவுகளுக்குரியதாயிற்று. சசெக்ஸிலுள்ள பேகேற் என்னுமிடத்தில் அமைந்த 49ஆவது பிரிவு இவற்றுள் குறிப்பிடத்தக்கது. தொழிலாளர் நீண்ட தாழ்தள வண்டிகளிற் சென்று சிதைவுகளை ஏற்றி வந்தனர். திருத்தக்கூடியன திருத்தகங்களுக்கும், கழற்றிப் பயன்படுத்தக்கூடிய பாகங்கள் களஞ்சியங்களுக்கும், எஞ்சியன உருக்காலைகளுக்கும் அனுப்பப்பட்டன. அப்போர்க் காலத்திற் போர் விமான அணிகளுக்கு வழங்கப்பட்ட விமானங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புதிதாகச் செய்யப்பட்டனவல்ல, திருத்தி மீட்கப்பட்டவையே என்பது மனங்கொள்ளத்தக்கது. விமானிகளின் வீரம் பற்றி நூல்கள் பல உள. பொருத்துநர், உருக்குநர், சிதைவு ஏற்றியோர் ஆகியோரின் உழைப்புப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில.

ஒக்ஸ்போட்டை அடுத்த கௌலியில் இருந்த சிதைவுக் களஞ்சியத்தைப் போர்க்கால ஓவியரான பால் நாஷ் கண்டார். நொருங்கிய ஜேர்மன் விமான இறக்கைகள் நிலவொளியில் உறைந்த அலைகள் போலக் கிடந்த காட்சியை 1940-41இல் அவர் ஓவியமாகத் தீட்டினார். 'இறந்த கடல்' எனப் பொருள்படும் ஜேர்மன் பெயரை அதற்கு இட்டார். 1946இல் அது இலண்டன் ரேற் கலைக்கூடத்துக்கு வழங்கப்பட்டது. அக்களஞ்சியத்தில் நிகழ்ந்த தொழில் வேறு. ஓவியர் கண்ட காட்சி வேறு. உருக்கப்படுமுன் அவ்வுலோகக் குவியலை வரலாற்றுச் சான்றாக நோக்கிய முதற் பார்வைகளுள் அது ஒன்றாகும்.

எல்லாச் சிதைவுகளையும் எடுத்தல் இயலவில்லை. மணிக்கு நானூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் செங்குத்தாக வீழும் விமானத்தின் இறக்கைகளும் வாற்பகுதியும் நிலத்தின் மேல் நொருங்கிச் சிதறும். அறுநூறு கிலோகிராமுக்கும் அதிக நிறையுடைய மேர்லின் இயந்திரமோ மென்களி நிலத்திற் பல மீற்றர் ஆழத்துக்குப் புதையும். விமானி இருக்கும் அறையையும் அது தன்னுடன் இழுத்துச் செல்லும். போர் நெருக்கடியில் அத்துணை ஆழம் தோண்டுவதற்கு நேரமோ ஆளோ இருக்கவில்லை. மேலே கிடந்தவை அள்ளப்பட்டன; குழி மூடப்பட்டது; அடுத்த பருவத்தில் அதன்மேல் ஏர் ஓடிற்று. பொருளாதார நோக்கில் இது நியாயமானதே. ஆயின் மூடப்பட்ட குழிகள் சிலவற்றுள் மனிதரும் இருந்தனர்.

2. கழிவாகக் கிடந்த காலம்

போர் முடிந்தபின் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு இக்குழிகளை எவரும் பொருட்படுத்தவில்லை. இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிற்பயர் விமானங்களும் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஹரிக்கேன் விமானங்களும் செய்யப்பட்டிருந்தன. தாரை விமான யுகம் பிறந்ததும் அவை பழைய இரும்பு வணிகரின் முற்றங்களுக்குச் சென்றன. பறக்கும் நிலையிலுள்ள விமானத்துக்கே மதிப்பில்லாத காலத்தில் மண்ணுள் நொருங்கிக் கிடப்பதற்கு மதிப்பு எங்ஙனம் உண்டாகும்?

மனிதரைப் பொறுத்தவரை அரசு ஒரு பொது நினைவுச் சின்னத்தை எழுப்பியது. 1953ஆம் ஆண்டில் தேம்ஸ் நதிக்கு மேலுள்ள றன்னிமீட் குன்றில் திறக்கப்பட்ட விமானப் படையினர் நினைவகத்திற் கல்லறை அறியப்படாத இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. நமது மரபில் நடுகல்லில் வீரனின் பெயரும் அவன் செயலும் பொறிக்கப்பட்டமையைப் பழந்தமிழ் இலக்கியம் பயின்றோர் அறிவர். நடுகல் தனியொருவனுக்குரியது. பெரும்பாலும் அவனை அறிந்த ஊரார் அதனை நாட்டினர். றன்னிமீட்டின் சுவரோ அரசு எழுப்பிய தொகுதி நினைவு. அதிலே பெயருண்டு, இடமில்லை. 'காணாமற்போனவர்' எனப் பொறித்தவுடன் அரசின் கணக்கு முடிந்தது. காத்திருந்த தாய்க்கும் மனைவிக்கும் அக்கணக்கு முடியவில்லை.

3. நினைவுப் பொருளும் பண்டமும்

அறுபதுகளின் இறுதியில் நிலைமை மாறிற்று. இதற்குக் காரணங்கள் பல. 1969இல் வெளிவந்த 'பிரித்தானியப் போர்' திரைப்படம் போரை அறியாத தலைமுறைக்கு அதனை வண்ணக் காட்சியாக வழங்கியது. 1972இல் இரண்டாம் உலகப் போர்க்கால அரச ஆவணங்களிற் பெரும்பாலானவை ஆய்வாளருக்குத் திறந்துவிடப்பட்டன. அணிகளின் நாட்குறிப்பேடுகளைப் படித்து, எந்நாளில் எவ்விமானம் எங்கே வீழ்ந்தது என அறியும் வாய்ப்புச் சாதாரண மனிதனுக்கும் கிட்டியது. உலோகங் காட்டும் கருவியும் வாடகைக்குக் கிடைத்த மண் அகழும் இயந்திரமும் எஞ்சிய தடையை நீக்கின. இவற்றுக்கெல்லாம் அடியில், பேரரசை இழந்த ஒரு சமூகம் தனது 'இறுதிப் பெருமித வேளை'யை நோக்கித் திரும்பிய மனநிலையும் இருந்தது.

கென்ற்றிலும் சசெக்ஸிலும் சிறு குழுக்கள் தோன்றின. அவற்றில் ஈடுபட்டோர் பெரும்பாலும் தொல்லியற் பயிற்சி பெற்றோரல்லர். வார நாட்களில் வேறு தொழில் செய்து, ஓய்வு நாட்களிற் சேற்றில் இறங்கியவர்கள். ஹோக்கிஞ், பிறென்செற் ஆகிய இடங்களில் எழுந்த சிறு அருங்காட்சியகங்களும், 1982இல் திறக்கப்பட்ட ரங்மியர் அருங்காட்சியகமும் இம்முயற்சிகளோடு தொடர்புடையன. பல்கலைக்கழகத் தொல்லியலாளர் உரோமர் கால மட்பாண்டங்களை ஆராய்ந்துகொண்டிருந்த வேளையில், முப்பதாண்டுகளுக்கு முற்பட்ட எச்சங்களும் வரலாற்றுச் சான்றுகளே என்பதை முதலிற் செயலிற் காட்டியோர் இவர்களே. ஊரிலே முதியோரை அணுகி 'எந்த வயலில் வீழ்ந்தது?' என வினவி அவர்தம் வாய்மொழியைத் தொகுத்தமையும் இவர்களின் பணியே. மக்கள் மத்தியிலிருந்து எழுந்த வரலாற்று ஆய்வின் ஒரு வடிவமாக இதனைக் கொள்வதில் தவறில்லை.

அகழ்வின் முறையும் ஈண்டு நோக்கற்பாலது. முதலில் மேற்பரப்பில் அலுமினியத் துணுக்குகளும் வெடித்த துப்பாக்கி ரவைக் கோதுகளும் தென்படும். கீழே செல்லச் செல்ல மண் நீலச் சாம்பல் நிறமடையும். பல பத்தாண்டுகள் கடந்தும் பெற்றோல் மணம் எழும். காற்றுப் புகாத களியிலே தோலும் துணியும் கடதாசியுங்கூட அழியாதிருப்பதுண்டு. சிறிய உலோகத் தகட்டிற் பொறித்த இயந்திர இலக்கமே சேகரிப்பாளன் தேடும் முதன்மைச் சான்று. அவ்விலக்கத்தை ஆவணத்தோடு ஒப்பிட்டால் விமானம் எது என்பது தெரியவரும். விமானம் எது எனத் தெரிந்தால் அன்று அதனைச் செலுத்தியவர் யார் என்பதும் தெரியவரும். உலோகத்தைத் தேடிய கை மனிதனைத் தொடுவது இவ்விடத்திலேதான்.

1940 செப்டம்பர் 9ஆந் திகதி காணாமற்போன தென்னாபிரிக்க இளைஞர் ஜோர்ஜ் டிறேக், 1972இற் கென்ற்றில் அவரது ஹரிக்கேன் அகழப்பட்டபோது கண்டெடுக்கப்பட்டார். முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின் அவருக்குக் கல்லறை கிடைத்தது. 1940 செப்டம்பர் 7ஆந் திகதி வீழ்ந்த ஹியூ பெறஸ்வேட்டின் உடலெச்சங்கள் 1979இல் ஷெப்பித் தீவின் சதுப்பு நிலத்திலிருந்து மீட்கப்பட்டுப் புறூக்வூட் படையினர் மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டன. இந்நிகழ்வுகளிற் சேகரிப்பாளர் அரசு செய்யாத கடமையைச் செய்தனர் என்பதை மறுத்தற்கில்லை.

இவற்றினும் சிந்தனைக்குரியது டெனிஸ் நோபலின் வரலாறு. 1940 ஓகஸ்ற் 30ஆந் திகதி அவரது ஹரிக்கேன் ஹோவ் நகரின் குடியிருப்புத் தெருவொன்றில் வீழ்ந்தது. குடும்பத்தாரிடம் ஒரு பேழை ஒப்படைக்கப்பட்டது. அவர் பிறந்த ஊர்ப் பக்கத்திலே அடக்கமும் நடந்தது. ஆகவே அவர் காணாமற்போனோர் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆயின் 1996இல் அத்தெருவை அகழ்ந்தபோது அவரது உடலின் பெரும்பகுதி விமானத்துடனேயே மண்ணுள் இருந்தமை தெரியவந்தது. 1997இல் அவை அதே கல்லறையிற் சேர்க்கப்பட்டன. மேலே கிடந்த உலோகத்தை அள்ளி, குழியை மூடி, உறவினர்க்கு ஒரு பேழையைக் கொடுத்து அனுப்பிய போர்க்கால நிர்வாகத்தின் இயல்பை இவ்வொரு நிகழ்வே போதியவாறு விளக்குகின்றது.

எனினும் மறுபக்கமும் உண்டு. எழுபதுகளின் அகழ்வுகள் யாவும் பொறுப்போடு நடைபெற்றனவல்ல. எப்பொருள் எவ்வாழத்தில், எந்நிலையிற் கிடைத்தது என்ற பதிவு இல்லாமலே பல குழிகள் குடைந்தெடுக்கப்பட்டன. ஒரே விமானத்தின் பாகங்கள் பலர் கைகளுக்குப் பிரிந்து சென்றன. மனித எச்சம் இருக்கும் என அறிந்தும் உறவினரின் இசைவு பெறாது தோண்டலாமா என்ற வினா பகிரங்கமாக எழுந்தது. இதன் விளைவாகவே 1986ஆம் ஆண்டின் படைத்துறை எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன்படி படைச் சேவையிலிருந்தபோது வீழ்ந்த எந்த விமானத்தின் எச்சத்தையும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திரமின்றி அகழ்தலோ அகற்றுதலோ குற்றமாகும். கப்பல்கள் ஒவ்வொன்றாகப் பெயர் குறித்துப் பாதுகாக்கப்பட வேண்டியவை. விமானங்களுக்கோ அப்பாதுகாப்பு இயல்பாகவே உண்டு. மனித எச்சமோ வெடிக்காத குண்டுகளோ இருக்கலாமெனக் கருதப்படும் இடங்களுக்குப் பொதுவாக அனுமதி வழங்கப்படுவதில்லை.

இச்சட்டத்தில் ஒரு முரண்பாடு அடங்கியுள்ளது. இறந்தோரின் அமைதியைக் காப்பது அதன் நோக்கம். ஆயின் கல்லறையற்ற விமானியின் உறவினர் சிலர் வேண்டுவது அமைதியையன்று, அடையாளத்தையும் அடக்கத்தையுமே. எச்சம் இருக்கலாம் என்ற காரணத்தினாலேயே அகழ்வு மறுக்கப்படின், காணாமற்போனவர் என்றும் காணாமற்போனவராகவே இருப்பார். சட்டத்துக்கு முன் தேடியோரின் ஒழுங்கின்மையும், சட்டத்தின் பின் அரசின் தயக்கமும் ஆகிய இரண்டுக்கும் இடையில் உறவினரின் குரல் இன்னும் உரிய இடம் பெறவில்லை என்றே கூறவேண்டும்.

4. விலையின் வரலாறு

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர். விமானத்தைப் பொறுத்தவரை இறந்தபின் விலை பன்மடங்கு ஏறியது. 1940இல் மக்களிடம் நிதி திரட்டியபோது ஒரு ஸ்பிற்பயரின் விலை 5,000 பவுண் எனக் கூறப்பட்டது. உண்மைச் செலவு அதனினும் அதிகம். 1940 மே மாதம் கலே கடற்கரையில் இறங்கி மணலுட் புதைந்த ஸ்பிற்பயர் ஒன்று 1980இல் வெளிப்பட்டது. திருத்தியமைக்கப்பட்டு 2011இல் மீண்டும் பறந்த அவ்விமானம் 2015இல் இலண்டன் ஏலத்தில் 31 இலட்சம் பவுணுக்கு மேல் விற்கப்பட்டது. அத்தொகை அறப்பணிகளுக்கு வழங்கப்பட்டதாயினும், அவ்விலை சந்தையின் அளவுகோலாயிற்று.

இவ்வாறு மீளப் பறப்பனவற்றிற் பழைய உலோகத்தின் பங்கு மிகச் சிறிது. அரிப்புற்ற அலுமினியம் பறப்பதற்குத் தகுதியற்றது. ஆதலால் தகடுகள் புதியன, ஆணிகள் புதியன. பழமையாய் எஞ்சுவது பெரும்பாலும் இலக்கத் தகடும் அதனோடு வந்த வரலாறுமே. சந்தையில் விலைபோவது உலோகமன்று, 'அதுவே இது' என்ற தொடர்ச்சி பற்றிய நம்பிக்கையாகும். எனவேதான் நொருங்கிய துண்டுகளுக்கும் இலக்கத்துக்கும் இத்துணைப் போட்டி. 1940இன் போரில் எண்ணிக்கையில் மிகுந்து நின்றது ஹரிக்கேனாயினும் ஸ்பிற்பயரின் பெயரே சந்தையில் முந்தி நிற்பதும், வரலாற்றுப் பங்கினும் புகழே விலையை நிர்ணயிக்கிறது என்பதற்குச் சான்றாகும்.

மாறான எடுத்துக்காட்டொன்றும் உண்டு. 1940 செப்டம்பர் 15இல் இலண்டன் வானில் ஜேர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்றோடு மோதி வீழ்ந்த றே ஹோம்ஸின் ஹரிக்கேன் நகரின் நடுத்தெருவிற் புதைந்தது. அவர் குடையிற் குதித்து உயிர் தப்பினார். 2004இல் அத்தெரு அகழப்பட்டபோது இயந்திரம் வெளிவந்தது. மறு ஆண்டு மறைந்த ஹோம்ஸ் அதனைக் காணும் வரை வாழ்ந்திருந்தார். உயிரோடு இருந்த மனிதனின் சாட்சியமும் மண்ணின் சாட்சியமும் ஒருங்கு சேர்ந்த இத்தகைய அகழ்வில் எச்சம் பண்டமாகவன்றி வரலாறாகவே பேசுகின்றது.

5. தகட்டில் இல்லாத பெயர்கள்

அருங்காட்சியகப் பேழையில் வைக்கப்பட்ட இயந்திரத்தினருகே விமானியின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அது முறையே. அவ்விமானிகள் அனைவரும் ஆங்கிலேயருமல்லர். போலந்தினர் 145 பேரும் நியூசிலாந்தினர் 127 பேரும் அவர்களுட் சேர்ந்திருந்தனர். எதிர்த்தரப்பில் வீழ்ந்து மண்ணுட் கிடந்த ஜேர்மன் இளைஞரும் மனிதரே. ஆயின் இன்னொரு வகையினரும் அவ்வுலோகத்துள் உளர். பிரித்தானியக் கயானாவிற் போட்சைற் கல் அகழ்ந்தோரின் உழைப்புக் கனடாவின் உலைகளில் அலுமினியமாகிப் பிரித்தானிய விமானத் தொழிலை வந்தடைந்தது. குழியிலிருந்து வெளிவரும் சில்லின் ரயரும், குண்டு துளைத்தால் தானே அடைபடும்படி எரிபொருட் தாங்கிகளுக்கு இடப்பட்ட உறையும் இறப்பராலானவை. அக்காலப் பிரித்தானியப் பேரரசின் இறப்பர் மலாயாவிலும் இலங்கையிலுமிருந்த தோட்டங்களிலிருந்து பெரும்பாலும் வந்தது. அத்தோட்டங்களில் விடியுமுன் பால் வெட்டச் சென்றோருட் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர். மலாயா வீழ்ந்தபின் நேச நாடுகளுக்கு எஞ்சிய முதன்மையான இயற்கை இறப்பர் நிலமாக இலங்கை விளங்கியமையால், மரங்கள் பட்டுப்போகும் அளவுக்கு இங்கு பால் வெட்டப்பட்டது. இலங்கையிலிருந்து திரட்டப்பட்ட போர் நிதியின் நினைவாக 102ஆவது குண்டுவீச்சு அணிக்கு 'இலங்கை' என்ற பெயர் வழங்கப்பட்டது. இறப்பர் வெட்டியவர்க்கு அத்தகைய நினைவு எதுவும் இல்லை.

போரும் இத்தீவை வந்தடைந்தது. 1942 ஏப்பிரில் 5ஆந் திகதி கொழும்பும், 9ஆந் திகதி திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டன. இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழுந்த ஹரிக்கேன்களும், சீனக்குடாவிலிருந்து எழுந்தவையும் பல வீழ்ந்தன. ஜப்பானிய விமானங்களும் வீழ்ந்தன. அப்பந்தயத் திடலை அடுத்தே அவ்வாண்டு யூலையில் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியது என்பதும் நினைவுகூரத்தக்கது. அவ்விமானங்கள் வீழ்ந்த வயல்கள், சதுப்புகள் பற்றிய ஊர் நினைவுகள் முறையாகத் தொகுக்கப்படுதல் வேண்டும். கென்ற்றின் அனுபவம் நமக்கு உணர்த்தும் முறையியற் பாடமும் இதுவே: முதலிற் சாட்சியத்தைப் பதிக, பின்னர் மண்ணைத் தொடுக.

முடிவுரை

ஒரே உலோகம் மூலப்பொருளாகவும் கழிவாகவும் பண்டமாகவும் மாறியமையை மேலே கண்டோம். ஒவ்வொரு மாற்றத்தையும் அவ்வக்காலச் சமூகத்தின் தேவையே நிர்ணயித்தது. சேகரிப்பாளரைக் கல்லறைக் கள்வரெனப் பழித்தலும், வரலாற்றின் காவலரெனப் புகழ்தலும் ஒருதலைப்பட்சமானவை. எச்சத்தைத் தேடும் முயற்சி எவருடைய வினாவுக்கு விடை காண முனைகிறது என்பதே அதனை மதிப்பிடும் அளவுகோலாதல் வேண்டும். ஏலக்கூடத்தின் வினாவுக்கா, காத்திருக்கும் உறவினரின் வினாவுக்கா?

போர் ஓய்ந்த நிலத்திற் பழைய இரும்பு விரைவில் விலைபோவதையும், காணாமற்போனோரைப் பற்றிய வினா விடையின்றி நீள்வதையும் நமது நாட்டவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உலோகத்துக்கு இலக்கம் உண்டு. அதனை ஆவணத்தோடு ஒப்பிட்டு அடையாளம் காணலாம். மனிதருக்கும் அத்தகைய தேடல் உரியது, அது அரசின் கடமை, அதனைக் கேட்டல் உறவினரின் உரிமை என்பதை நிலைநாட்டுவதே இவ்வெச்சங்களின் வரலாறு நம்மிடம் வேண்டுவதாகும்.